வகிடு அகலமாகுது டாக்டர்... மருந்தா, சவுரியா?

முடி கொட்டுவது பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் இரண்டு வரி போட்டதுதான் தாமதம், கொடைக்கானல், பூம்பாறை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று பழனி மலைப் பக்கத்திலிருந்தே ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. அதனால் இந்த முறை முழுக்க மலை வாசகர்களுக்கே. பெயர் போடவில்லை, ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் ஒரு வரி மாறாமல் இருந்தது: "எல்லாத்தையும் வாங்கிப் போட்டுப் பார்த்துட்டேன்." எண்ணெய், சீரம், ஷாம்பு, மாத்திரை எல்லாம் வாங்கியிருக்கிறார்கள், ஏன் கொட்டுகிறது என்று ஒருவரிடமும் தலையைக் காட்டவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான். காரணம் தெரியாமல் வாங்கும் பாட்டில் பெரும்பாலும் வீண்செலவு.

கேள்வி: எனக்கு 27 வயது. மதுரையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து இரண்டு வருடம். குழந்தைக்கு இப்போது நாலு மாதம், தாய்ப்பால்தான் கொடுக்கிறேன். ஒரு மாதமாகத் தலைக்குக் குளித்தால் பாத்ரூம் சல்லடை அடைத்துக்கொள்ளும் அளவுக்கு முடி கொட்டுகிறது. மலைத் தண்ணி உனக்கு ஒத்துக்கல என்கிறார் அத்தை. மதுரைக்கு வந்து கொஞ்ச நாள் இரு என்கிறார் அம்மா. என்ன செய்வது டாக்டர்?
— வாசகி, கொடைக்கானல்

பதில்: முதலில் காலண்டரைப் பாருங்கள் அம்மா. இரண்டு வருடமாக அதே தண்ணீரில்தான் குளிக்கிறீர்கள், கொட்ட ஆரம்பித்ததோ பிரசவமாகி மூன்று மாதம் கழித்து. இது பிள்ளை பெற்ற உடம்பில் வருகிற முடி உதிர்வு. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் கூடுதலாக இருப்பதால், விழ வேண்டிய முடியும் விழாமல் தலையிலேயே தங்கிவிடும், அப்போது முடி அடர்த்தியாகத் தெரிந்திருக்கும். பிரசவத்துக்குப் பிறகு ஹார்மோன் சட்டென்று இறங்கியதும் அந்த முடியெல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போய், ஏறக்குறைய மூன்று மாதம் வேரில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு மொத்தமாக விழுகிறது. டைபாய்டு, டெங்கு, பெரிய ஆபரேஷன், பட்டினி கிடந்து எடை குறைப்பது, இவற்றுக்கும் இதே கணக்குத்தான், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும். அதற்குள் காய்ச்சலை மறந்திருப்போம், பழி தண்ணீர் மேல் விழும்.

விழுந்த முடி ஒன்றை எடுத்து வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளை முடிச்சு இருந்தால் அது ஓய்வு முடிந்து வேரோடு வந்தது, அந்த இடத்தில் திரும்ப முளைக்கும். இரண்டு நுனியிலும் முடிச்சு இல்லையென்றால் அது நடுவில் உடைந்த முடி. உப்புத் தண்ணீர் செய்வது அந்த இரண்டாவது வேலையைத்தான், முடியைச் சொரசொரப்பாக்கி உடைக்கும், வேரைப் பிடுங்காது. அதிலும் உப்புத் தொந்தரவு கீழே போர்வெல் தண்ணீரில்தான் அதிகம். ஆகவே மதுரைக்குப் போவதென்றால் அம்மா கை சாப்பாட்டுக்காகப் போங்கள், தண்ணீருக்காக வேண்டாம்.

பாப்பாவின் முதல் பிறந்தநாள் வருவதற்குள் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்தைப் பால் கொடுக்கும்போது போட வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடுங்கள், ஆனால் குளிருக்கு இதமாக இருக்கிறது என்று டீயோடு சேர்த்துப் போட்டால் அந்த மாத்திரை பாதி வீண். டீயிலும் காபியிலும் உள்ள பொருட்கள் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்தும் கொட்டினால், அல்லது அதற்கு முன்பே படபடப்பு, அசதி, எடை மாற்றம் தெரிந்தால் தைராய்டு பார்க்க வேண்டும், பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு அது தடுமாறும்.

கேள்வி: நான் ஆசிரியை, வயது 46. நாலைந்து வருடமாக வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது. ஆண்டு விழா போட்டோவில் என் உச்சந்தலை பளிச்சென்று தெரிந்ததைப் பார்த்த நாளிலிருந்து, போர்டில் எழுதத் திரும்பினாலே பின்னால் பிள்ளைகள் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆவணியில் மகள் கல்யாணம். கீழே ஒரு பார்லரில், தலை முழுக்கப் பசை வைத்து ஒட்டும் ஹேர் எக்ஸ்டென்ஷன் வைத்துவிட்டால் ஆறு மாதம் கவலையில்லை என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண் மினாக்சிடில் போடச் சொல்கிறாள். எதைச் செய்யட்டும்?
— வாசகி, பெருமாள்மலை

பதில்: இரண்டும் செய்யலாம் டீச்சர், அந்தப் பார்லர் சொன்ன வகை மட்டும் வேண்டாம்.

நெற்றி ஓரம் அப்படியே இருக்க, நடு வகிடு மட்டும் வருடா வருடம் அகலமாவது பெண்களுக்கு வரும் பரம்பரை முடி மெலிவாக இருக்க வாய்ப்பு அதிகம். இதில் முடி கொத்துக் கொத்தாக விழாது. வேர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் முன்பைவிட மெல்லியதாக, குட்டையாக வரும். அதனால்தான் "சீப்பில் ஒன்றும் அதிகமாக வரலையே, ஆனா அடர்த்தி மட்டும் போயிடுச்சே" என்று பலர் குழம்புகிறார்கள். இந்த வயதில் தைராய்டும் இரத்தசோகையும் கூடவே சேர்ந்துகொள்ளலாம். ஆகவே முதலில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு மூன்றையும் பாருங்கள். முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறவர் என்றால் இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு லேபிலும் சொல்லிவிடுங்கள். அது தைராய்டு ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்ட வைக்கும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்வதைப் பார்த்த பிறகுதான் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-ல் ஆண்களுக்கும் 1991-ல் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. இத்தனை வருடமாகப் பார்த்துப் பழகிய மருந்து, ஆனால் பொறுமை கேட்கிற மருந்து. ஆரம்பித்த இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் முன்பைவிட அதிகமாகக் கொட்டலாம். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதுமுடி கிளம்புகிறது என்று அர்த்தம், பாதிப் பேர் அங்கேதான் பயந்து பாட்டிலைத் தூக்கிப் போடுகிறார்கள். நாலு மாதத்தில் லேசாகத் தெரியும், பயன் இருக்கிறதா இல்லையா என்று முடிவு சொல்ல ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். நிறுத்தினால் கிடைத்தது சில மாதத்தில் போய்விடும், இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள்.

போடும் விதத்தில்தான் தப்பு நடக்கிறது. முடியில் தடவினால் பலனில்லை, வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் படும்படி விட வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு மில்லி, எத்தனை சதவீதம், எத்தனை வேளை என்பதை டாக்டர் சொல்வார். தலை காய்ந்திருக்க வேண்டும், இது உங்கள் ஊரில் சிரமம்தான், மூடுபனி நாளில் காலையில் அலசிய முடி மதியம்வரை ஈரமாகவே இருக்கும், அன்றைக்கு ஈரத் தலையில் போடாமல் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் தடவினால் தலையணை வழியாக முகத்தில் பட்டு அங்கேயும் பூனைமுடி வளரும், இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அது உங்கள் தலையையோ தலையணையையோ நக்கவிடாதீர்கள், பூனைக்கு இந்த மருந்து உயிருக்கே ஆபத்து. இதய நோயோ பிரஷரோ இருந்தால் கேட்காமல் தொடாதீர்கள். இதே மருந்தைக் குறைந்த அளவில் மாத்திரையாகவும் இப்போது கொடுக்கிறோம், அது முழுக்க டாக்டர் கண்காணிப்பில் மட்டும்.

சரி, ஆவணி? மருந்து அதற்குள் பலன் காட்டாது, முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் எக்ஸ்டென்ஷன் பற்றி யோசித்தது சரிதான், அதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. நம் பாட்டிமார் சவுரி வைத்துப் பின்னாமலா கல்யாணத்துக்குப் போனார்கள்?

பசை வகையை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ஒவ்வொரு ஒட்டு முடிக்கற்றையும் உங்கள் சொந்த முடி கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு இரவும் பகலும் மாதக்கணக்கில் தொங்கும். மெலிந்துபோன உச்சியில் அந்தப் பாரத்தை ஏற்றினால் இருப்பதும் போகும். ஒட்டிய இடங்களுக்கு நடுவே மருந்தும் ஒழுங்காகப் போட முடியாது. டேப் வகையை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி மாற்ற வேண்டும், தேங்காய் எண்ணெய் பட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தைத்து வைக்கும் வகைக்கு முதலில் மண்டையோடு இறுக்கிப் பின்ன வேண்டும், அதுவும் உங்களுக்கு ஆகாது.

உங்களுக்குச் சரியானது டாப்பர். உச்சந்தலையை மட்டும் மூடுகிற மெல்லிய வலை, அதன்மேல் முடி, ஓரத்தில் சின்னச் சின்னக் கிளிப். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், வலை உங்கள் மெலிந்த இடத்தைவிட எல்லாப் பக்கமும் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் கிளிப் அடர்த்தியான முடியில் போய்க் கடிக்கும். அதே அளவில் வாங்கினால் எங்கே முடி இல்லையோ அங்கேயே கிளிப் விழும். நிறத்தைக் கடைக்குள் டியூப்லைட்டில் பார்க்காதீர்கள், வாசலுக்கு வந்து வெயிலில் சொந்த முடியோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். நரை இருந்தால் நாலு நரை கலந்ததாகவே வாங்குங்கள், ஒரே கருப்பாக இருப்பதுதான் காட்டிக் கொடுக்கும். நீளம் குறைய குறையப் பாரமும் குறையும். இரவில் கட்டாயம் கழற்ற வேண்டும், தினமும் கிளிப் போடும் இடத்தை அரை விரல் தள்ளிப் போட வேண்டும்.

கல்யாணத்தன்று ஜடை வேண்டும் என்றால் சவுரியைப் பிடரிக்குக் கீழே, முடி தடிமனாக இருக்கும் இடத்தில் சேர்த்துப் பின்னச் சொல்லுங்கள். அப்புறம் பூ. சம்பந்தி வீட்டிலிருந்து வேறு மல்லிகைப் பந்து பந்தாக வரும், ஈரத் துணியில் சுற்றி வந்த பூ எவ்வளவு கனம் என்று உங்களுக்கே தெரியும், அது அத்தனையும் தொங்குவது உங்கள் வேரில்தான். இரண்டு முழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், டாப்பர் மேல் பூ குத்தவே வேண்டாம். இரண்டு வாரம் முன்பே ஒரு நாள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வீட்டு வேலை பாருங்கள், எங்கே இழுக்கிறது, எங்கே நழுவுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

டெஸ்ட்டுக்கும் டாக்டருக்கும் தனியார் கிளினிக்தான் என்றில்லை. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது.

கேள்வி: வயது 24. ஹோட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறேன், தினமும் இறுக்கமான கொண்டை போட வேண்டும். ஒரு வருடமாக டேப் எக்ஸ்டென்ஷன் வைத்திருக்கிறேன். இப்போது இரண்டு காதுக்கு மேலேயும் முடி போய்விட்டது, நெற்றி ஓரத்தில் சின்னச் சின்னக் குரு. ராத்திரி கொண்டையை அவிழ்த்தால் மண்டை வலிக்கிறது. கழற்றினால் உள்ள முடியும் போய்விடுமோ என்று பயம்.
— வாசகி, கொடைக்கானல்

பதில்: தங்கச்சி, வலிதான் முதல் அறிவிப்பு, அதை மாத்திரை போட்டு அடக்காதீங்க. இது இழுப்பினால் வருகிற சொட்டை. சீக்கிரம் விட்டுவிட்டால் முடி திரும்ப வரும், வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தால் வேர் தழும்பாகிவிடும், அப்புறம் எந்த மருந்துக்கும் முளைக்காது. நீங்கள் இன்னும் தாமதிக்கவில்லை, இந்த வாரமே கழற்றுங்கள். கையால் இழுக்காதீர்கள், அதற்கென்று இருக்கும் கரைசலை வைத்துப் பார்லரிலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

எடுக்கும்போது ஒரு பெரிய கற்றை முடி கையோடு வரும், பார்த்ததும் அழாதீர்கள். நம் எல்லார் தலையிலும் தினமும் ஐம்பதிலிருந்து நூறு முடி இயல்பாகவே விழும். டேப்புக்குள் மாட்டிய முடி மட்டும் விழ வழியில்லாமல் வாரக்கணக்கில் அங்கேயே சேர்ந்திருக்கும், அதுதான் ஒரே நாளில் வெளியே வருகிறது.

உங்கள் ஊர்க் குளிரில் இன்னொரு தொல்லை, டேப்புக்கு அடியில் ஈரம் காயவே காயாது, அதன்மேல் குல்லா வேறு போட்டால் அரிப்பு, பொடுகு, வாடை எல்லாம் வரும். கீட்டோகொனசோல் என்ற பூஞ்சைக்கான மருந்து கலந்த ஷாம்பு போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். குரு போகவில்லை, சீழ் வருகிறது, அல்லது தோல் வழவழவென்று மின்னுகிறது என்றால் உடனே தோல் டாக்டரிடம் காட்டுங்கள். வேலைக்குப் பிடரியில் தளர்வான கொண்டை, ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி பேண்ட். மேனேஜரிடம் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள், எந்த வேலைக்காகவும் 24 வயதில் முடியைப் பறிகொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. பின்மண்டையில் ஒரு ரூபாய் அளவு வட்டமாக முடி போய்விட்டது. புழுவெட்டு என்று சொல்லி எங்கள் தோட்டத்துப் பூண்டையே அரைத்துத் தேய்த்தோம், இப்போது கொப்புளம் வந்துவிட்டது.
— வாசகர், பூம்பாறை

பதில்: பூண்டை உடனே நிறுத்துங்கள் ஐயா. உங்கள் மலைப்பூண்டு புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, காரம் அதிகம், குழம்புக்கு அருமை, பிள்ளையின் தோலில் பச்சையாக வைத்துத் தேய்த்தால் நெருப்புச் சுட்ட மாதிரிப் புண்ணாக்கும். முதலில் அந்தக் கொப்புளத்தைக் கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.

எந்தப் புழுவும் முடியைத் தின்னவில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடி வேரை எதிரி என்று நினைத்துத் தாக்குவதால் வருவது இது, தொற்றாது, பையனைப் பள்ளியில் தனியாக உட்கார வைக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு வட்டம் மட்டும் இருந்தால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும். குழந்தைகளுக்குக் களிம்பு, பெரியவர்களுக்கு அந்த இடத்தில் ஊசி. ஆனால் செதில் செதிலாக உரிந்து முடி குட்டையாக உடைந்திருந்தால் அது படர்தாமரை வகை, அது தொற்றும், அதற்கு மாத்திரையே வேண்டும். எது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: பழனியில் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்கிறார்களே, எனக்கு மெலிந்த முடி, போடலாமா? அங்கே இறக்கும் முடிதான் எக்ஸ்டென்ஷனாகக் கடைக்கு வருகிறது என்கிறார்கள். சாமிக்குக் கொடுத்த முடியை நாம் வைத்துக்கொள்வது பாவமில்லையா?
— வாசகி, பண்ணைக்காடு

பதில்: வேண்டுதல் என்றால் தாராளமாகப் போடுங்கள், அடர்த்திக்காக வேண்டாம். வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி மேலே மட்டும்தான் போகிறது. வெட்டிய நுனி கூராக இல்லாமல் மொட்டையாக இருப்பதால் முளைக்கும்போது தடிமன் மாதிரித் தெரியும், வளர வளரப் பழைய முடிதான்.

பழனி, திருத்தணி, திருப்பதி போன்ற கோயில்களில் இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்படுவது உண்மை. நீள முடியைக் கட்டி வைத்து இறக்குவதால் வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் கலக்காமல் இருக்கும், அப்படி ஒரே வாக்கில் அடுக்கிய முடி சிக்கு விழாது, ரெமி என்று சொல்லி அதிக விலைக்கு விற்பது அதைத்தான். பாவமா என்று கேட்டால் நான் சாஸ்திரம் படித்தவள் இல்லை. முருகனுக்கு என்று இறக்கியதோடு காணிக்கை நிறைவேறிவிட்டது, அதற்குப் பிறகு அது முடி இல்லாத ஒருத்தியின் தலையில் ஏறி அவளை வெளியே நடமாட வைக்கிறதென்றால் அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. சுத்தம் செய்து பதப்படுத்தித்தான் விற்பனைக்கு வரும், வாங்கியபின் நீங்களும் ஒருமுறை அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். செயற்கை நார் முடி விலை குறைவு, அயர்ன் வைத்தால் உருகிவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், அடுத்த வாரம் மதுரையில் கீமோ ஆரம்பிக்கிறார்கள். ஆபரேஷனுக்குக்கூட அம்மா பயப்படவில்லை, முடி போய்விடும் என்றதும் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. முடி கொட்டாமல் இருக்க ஏதாவது செய்ய முடியுமா?
— வாசகி, தாண்டிக்குடி

பதில்: அம்மாவின் அழுகையை யாரும் "உயிரைவிட முடியா பெரிசு?" என்று சொல்லி அடக்க வேண்டாம். அவருக்கு அது பெரிசுதான். எல்லாக் கீமோ மருந்துக்கும் முடி கொட்டாது, அம்மாவுக்குக் கொடுக்கப்போவதில் கொட்டுமா என்று அவர் டாக்டரிடம் முதலில் கேளுங்கள். மருந்து ஏறும்போது தலையைக் குளிரூட்டும் தொப்பி சில மருத்துவமனைகளில் உண்டு, சிலருக்கு உதிர்வைக் குறைக்கும், அதையும் கேளுங்கள்.

கொட்டும் என்றால் இந்த வாரமே செய்ய வேண்டியவை இருக்கின்றன. முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும், அதற்குள் விக் பார்த்துவிடுங்கள். சொந்த முடி தலையில் இருக்கும்போதே போனால் நிறம், வகிடு, நெற்றி ஓரம் எல்லாம் பொருத்திப் பார்க்க முடியும். அளவை மாற்றக்கூடிய விக்காக வாங்குங்கள், முடி போன பிறகு தலை கொஞ்சம் சின்னதாகும். அம்மா சம்மதித்தால் முடியை முன்பே குட்டையாக வெட்டிவிடுங்கள், நீள முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடப்பதைப் பார்ப்பதுதான் பலருக்குத் தாங்க முடியாதது. வெட்டிய முடியைப் பத்திரப்படுத்தினால் அதையே ஸ்கார்ஃப் ஓரத்தில் தைத்துக் கட்டிக்கொள்ளலாம். உங்கள் ஊர்க் குளிருக்குக் கம்பளிக் குல்லா இல்லாமல் முடியாது, ஆனால் வெறும் மண்டையில் கம்பளி குத்தும், உள்ளே பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒரு தொப்பி தைத்துப் போட்டுவிடுங்கள்.

கீமோ முடிந்த சில வாரங்களில் பூனைமுடி மாதிரி வரும், மூன்று முதல் ஆறு மாதத்தில் தலை மூடும், சிலருக்குச் சுருளாகவோ நரையாகவோ வரும். அந்தப் புதுமுடியில் ஒட்டுவது, தைப்பது, கிளிப் மாட்டுவது எதுவும் வேண்டாம். சாயம்கூட டாக்டரைக் கேட்டுத்தான்.

கேள்வி: டூரிஸ்ட் டாக்சி ஓட்டுகிறேன், வயது 26, போன மாதம்தான் கல்யாணம் ஆச்சு. நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. அப்பாவுக்கும் வழுக்கை. எப்பவும் குல்லா போடுவதாலா டாக்டர்? ஆன்லைனில் ஃபினாஸ்டிரைடு மாத்திரை வாங்கிவிட்டேன், போடலாமா?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: குல்லாவுக்கும் வழுக்கைக்கும் சம்பந்தமில்லை தம்பி, துவைத்துப் போட்டால் போதும். இது அப்பா வழியிலும் வரலாம், அம்மா வழியிலும் வரலாம். ஃபினாஸ்டிரைடு ஆண்களின் வழுக்கைக்கு நல்ல மருந்துதான், அமெரிக்காவில் 1997-லிருந்து இதற்காகப் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறைவது, விறைப்புக் கோளாறு, மனச்சோர்வு வரலாம். குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா என்பதையும் சேர்த்து டாக்டரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள். உடைந்த மாத்திரையை உங்கள் மனைவி கையால் தொடக் கூடாது, கர்ப்பமாக இருந்தால் வயிற்றில் உள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கலாம். மருந்து போடும் நாட்களிலும் நிறுத்தி ஒரு மாதம்வரையும் இரத்த தானம் வேண்டாம். ஆபரேஷன் செய்து முடி நட்டுக்கொள்வதற்கு 26 வயதில் அவசரப்படாதீர்கள், வழுக்கை எதுவரை போகும் என்று தெரியாமல் முன்னால் மட்டும் நட்டுவிட்டால் பின்னால் காலியாகிக்கொண்டே போகும். இன்றைக்கே நெற்றியையும் உச்சியையும் ஒரே வெளிச்சத்தில் இரண்டு போட்டோ எடுத்து வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று எடுங்கள், டாக்டரிடம் போகும்போது அந்த போட்டோக்களையும் கொண்டுபோங்கள்.